நேர்மையாளர் பெறும் ஆசி எது? யோபுவும் புனித தேவசகாயமும்



நம் பங்குகளில் திருமணத் திருப்பலி என்றால் 128ஆம் திருப்பாடலைக் கேட்காமல் வீடு திரும்புவது அரிது. திருக்குடும்ப விழாவிலும் அதைப் பாடுகிறோம். ஆண்டவருக்கு அஞ்சி வாழும் ஒருவரின் வீட்டை, திராட்சைக் கொடியும் ஒலிவக் கன்றுகளும் செழித்து நிற்கும் தோட்டமாக அத்திருப்பாடல் வரைந்து காட்டுகிறது. மணமக்களின் பெற்றோர் கண்கலங்கக் கேட்கும் பாடல் அது.

அதே திருப்பாடலைப் பாடிய அதே பீடத்தின் முன்பாக, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரின் உடலை வைத்து அடக்கத் திருப்பலி நிறைவேற்றினோம். நான்கு நாள் காய்ச்சல். 19 வயது. அந்தத் தாய் நம் பங்கில் எல்லாருக்கும் தெரிந்தவர். அதிகாலைத் திருப்பலிக்கு மழையென்றும் பாராமல் வருவார். மரியாயின் சேனையில் இருந்துகொண்டு நோயாளிகளைச் சந்திப்பார். தம் வருமானத்திற்குள் அடங்காத பிறர்நலப் பணியும் செய்வார். அடக்கம் முடிந்த மாலையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். வந்தவர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "வேளாங்கண்ணிக்கு ஏதாவது நேர்ச்சை பாக்கி இருந்ததா, அக்கா?" இன்னொருவர், வீடு கட்டியபோது மந்திரிக்காமல் குடிபுகுந்தீர்களா என்றார். நாமோ அவர்களை மறுக்கவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டோம். அந்தத் தாய் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தம் வாழ்வின் பழைய கணக்கையெல்லாம் அவர் அந்த நேரத்தில் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை முகமே சொல்லியது.

நேர்மையாக வாழ்ந்தால் ஆண்டவர் ஆசி தருவார் என்பது விவிலியம் தரும் வாக்கு. அப்படியானால் அந்த வீட்டில் அந்த வாக்கு என்ன ஆயிற்று? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு ஆசிகளைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. ஆகவே விவிலியத்திலிருந்தும், நம் மண்ணில் இரத்தம் சிந்திய ஒரு புனிதரின் வாழ்விலிருந்தும் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வாக்கு பொய்யல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நேர்மைக்கும் நல்வாழ்வுக்கும் தொடர்பே இல்லை என்று விவிலியம் எங்கும் சொல்லவில்லை. இணைச்சட்டம் 28ஆம் அதிகாரத்தின் முதல் 14 வசனங்கள் முழுவதும் ஆசிகளே. நகரிலும் வயலிலும், மடியிலும் தொழுவத்திலும், கூடையிலும் மாவு பிசையும் தொட்டியிலும் ஆசி தங்கும் என்கிறது அப்பகுதி. அதே அதிகாரத்தில் சாபங்களின் பட்டியல் அதைவிடப் பல மடங்கு நீளமானது என்பதையும் வாசிப்பவர் கவனித்திருப்பார்.

ஆனால் இந்த ஆசிகளின் உள்ளடக்கத்தைக் கவனிக்க வேண்டும். 128ஆம் திருப்பாடல் முதலில் குறிப்பிடும் ஆசி, ஒருவர் தம் சொந்தக் கைகளின் உழைப்பை உண்பதே. இது என்ன பெரிய ஆசி என்று நமக்குத் தோன்றலாம். இணைச்சட்டத்தின் சாபப் பட்டியலோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே ஒருவர் வீடு கட்டுவார், குடியிருக்க மாட்டார். திராட்சைத் தோட்டம் போடுவார், அதன் பயனை நுகர மாட்டார். அவரது விளைச்சலை முன்பின் அறியாத மக்கள் உண்பார்கள் (இச 28:30-33). எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. உழைத்தவரே உண்ணும் நீதி நிலவும் ஊரையே விவிலியம் ஆசி பெற்ற ஊர் என்கிறது. திடீரென்று வந்து விழும் செல்வத்தை அது அப்படி அழைக்கவில்லை. குடியை விட்டுவிட்டு நேர்மையாக உழைக்கும் தகப்பனின் வீட்டில் அடுப்பு எரிவதையும், பிள்ளைகள் பயமின்றி உறங்குவதையும் நாம் கண்ணாரக் காண்கிறோம். அது ஆண்டவரின் ஆசியே.

இன்னொன்றும் உண்டு. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எழுதப்பட்ட காலத்தில், சாவுக்குப் பின் நிறைவாழ்வு என்ற நம்பிக்கை இஸ்ரயேலில் இன்னும் தெளிவாக முகிழ்க்கவில்லை. இறந்தோர் எல்லாரும் பாதாளம் என்னும் நிழலுலகிற்குச் செல்வதாகவே எண்ணினர். ஆகவே கடவுள் தரும் ஆசி எதுவாயினும் அது இந்த உலகிலேயே, கண்முன்னே, நிலமாகவும் மழையாகவும் மக்கட்பேறாகவும் நீண்ட ஆயுளாகவும் வந்தாக வேண்டியிருந்தது. பிற்காலத்தில் மறைச்சாட்சிகளின் இரத்தத்தைக் கண்ட பிறகே, நேர்மையாளரின் ஆன்மா கடவுளின் கையில் இருக்கிறது என்று சாலமோனின் ஞானம் துணிந்து எழுதுகிறது (சாஞா 3). அடக்கத் திருப்பலிகளில் நாம் அடிக்கடி கேட்கும் வாசகம் அது.

விவிலியத்திற்குள்ளேயே எழும் முறையீடு

வாக்கை மட்டும் எழுதிவிட்டு விவிலியம் ஓய்ந்துவிடவில்லை. அந்த வாக்கு நிறைவேறக் காணாதவர்களின் கண்ணீரையும் அது மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது. தீயோரின் வழி ஏன் வளம் பெறுகிறது என்று எரேமியா ஆண்டவரோடு வழக்காடுகிறார் (எரே 12:1). 73ஆம் திருப்பாடலின் ஆசிரியர், ஆணவம் பிடித்தவர்களின் கொழுத்த வாழ்வைக் கண்டு பொறாமைகொண்டு, கால் இடறி விழப்பார்த்ததை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். நம்மில் எத்தனை பேர் ஒப்புரவு அருட்சாதனத்தில் அதைச் சொல்கிறோம்?

தோபித்து நூலில் வரும் ஒரு சிறு குடும்பச் சண்டை நம் மனத்தை விட்டு அகல்வதில்லை. நினிவேயில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த தோபித்து, கொல்லப்பட்ட தம் இனத்தாரின் உடல்களை உயிரைப் பணயம் வைத்து அடக்கம் செய்தவர். அந்தப் புண்ணியச் செயலைச் செய்த இரவில்தான், முற்றத்தில் படுத்திருந்தபோது குருவியின் எச்சம் விழுந்து பார்வை இழக்கிறார். மனைவி அன்னா கூலிக்கு நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காக்கிறார். ஒருநாள் முதலாளிகள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். அதன் கத்தல் கேட்ட தோபித்து, திருடிய ஆடோ என்று சந்தேகித்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். அப்போது வெடிக்கிறார் அன்னா: நீர் கொடுத்த தருமங்கள் எங்கே, உம் நற்செயல்கள் எங்கே என்ற பொருளில் அவர் கேட்கும் கேள்வி (தோபி 2:14) நம் வீடுகளிலும் கேட்கும் கேள்விதான். நேர்மையாளர் என்று பேரெடுத்த ஒருவர், துன்பத்தின் கசப்பில் தம் மனைவியையே தவறாகத் தீர்ப்பிடக்கூடும் என்பதையும் இந்நூல் தயங்காமல் சொல்லிவிடுகிறது.

யோபு நூல் எதைப் பற்றியது?

யோபு என்றாலே பொறுமை என்பது நம் வழக்கு. யாக்கோபின் திருமுகமும் அவரது மனவுறுதியைப் புகழ்கிறது (யாக் 5:11). ஆனால் 42 அதிகாரங்கள் கொண்ட அந்த நூலில், பொறுமைசாலியான யோபுவை முதல் இரண்டு அதிகாரங்களில்தான் பார்க்கிறோம். அவை உரைநடை. மூன்றாம் அதிகாரத்தில் கவிதை தொடங்குகிறது. தொடங்கும்போதே யோபு தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன் பிறகு ஏறத்தாழ நூல் முடியும்வரை அவர் வாதாடுகிறார், அழுகிறார், கடவுளை வழக்குமன்றத்திற்கே அழைக்கிறார்.

நூலின் மையக் கேள்வியை எழுப்புபவர் யோபு அல்லர், சாத்தான். எபிரேயத்தில் அச்சொல்லுக்குக் குற்றம் சாட்டுபவர் என்பது பொருள். யோபு காரணமின்றியா கடவுளுக்கு அஞ்சுகிறார் என்று அவன் கேட்கிறான் (யோபு 1:9). வேலி கட்டிக் காத்து, 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் கொடுத்தால் யார்தான் பக்தியாக இருக்க மாட்டார்கள்? கூலிக்காகக் கோவிலுக்கு வருகிறார், அவ்வளவுதான் என்பது சாத்தானின் வாதம். மனிதருக்கும் கடவுளுக்கும் இடையே வணிகம் தவிர வேறு உறவே இருக்க முடியாது என்கிறான் அவன். 'கொடுத்தார், அதனால் நம்புகிறேன்' என்று மட்டுமே சாட்சி சொல்லப் பழகியிருக்கும் நமக்கு இந்த இடம் நெருடத்தான் வேண்டும். அந்த வாதத்தை நாம் நம்மை அறியாமலே வழிமொழிந்துகொண்டிருக்கிறோம்.

அடுத்து வருபவர்கள் நண்பர்கள்: எலிப்பாசு, பில்தாது, சோப்பார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். செய்தி கேட்டுத் தொலைவிலிருந்து வந்தார்கள். யோபுவைக் கண்டதும் ஓலமிட்டு அழுதார்கள். ஏழு பகல், ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை (2:13). நூல் முழுவதிலும் அவர்கள் செய்த மிகச் சிறந்த செயல் அதுதான். வாய் திறந்தபின்தான் எல்லாம் கெட்டது. குற்றமற்றவர் அழிந்ததுண்டா என்று நயமாகத் தொடங்குகிறார் எலிப்பாசு. உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள் என்கிறார் பில்தாது. அதுவும் பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் இழந்த தகப்பனிடம்! உன் குற்றத்திற்குக் கிடைக்கவேண்டிய தண்டனையில் கடவுள் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார் என்கிறார் சோப்பார். 22ஆம் அதிகாரத்தில் எலிப்பாசு இன்னும் ஒரு படி மேலே போகிறார். யோபு செய்யாத பாவங்களையே கற்பித்துப் பட்டியலிடுகிறார்: தாகமுற்றவருக்குத் தண்ணீர் தரவில்லை, கைம்பெண்களை வெறுங்கையாய் அனுப்பினாய் என்று. கொள்கையைக் காப்பாற்ற வேண்டுமானால் நண்பனைப் பாவியாக்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை. திண்ணையில் நேர்ச்சை பாக்கியைப் பற்றிக் கேட்டவரும் இதையேதான் செய்தார். வாய்மூடி இருந்த நாமும் அதற்குத் துணைபோனோம்.

இதற்கு யோபு 31ஆம் அதிகாரத்தில் தரும் மறுமொழியை ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்பது நம் எண்ணம். நேர்மையான வாழ்வு என்றால் என்ன என்பதை இவ்வளவு நுட்பமாகச் சொல்லும் பகுதி பழைய ஏற்பாட்டில் வேறு உண்டா என்று தெரியவில்லை. காணிக்கை, பலி, நோன்பு எதுவும் அதில் முன்னே நிற்கவில்லை. வேலைக்காரரும் வேலைக்காரியும் தம்மேல் வழக்கு வைத்தபோது அதைத் தள்ளிவிட்டேனா என்கிறார். தம்மைக் கருப்பையில் உருவாக்கியவரே அவர்களையும் உருவாக்கினார் என்று காரணமும் சொல்கிறார். அநாதைக்குப் பங்கிடாமல் தனியே உண்டேனா, குளிரில் நடுங்கியவர் என் ஆட்டு மயிரால் கதகதப்புப் பெறவில்லையா, பகைவனின் அழிவைக் கண்டு மகிழ்ந்தேனா, வழிப்போக்கனுக்குக் கதவைத் திறக்காதிருந்தேனா, நான் உழுத நிலம் எனக்கெதிராகக் கூக்குரலிட்டதா என்று அடுக்கிக்கொண்டே போகிறார்.

இறுதியில் ஆண்டவர் பேசுகிறார், நான்கு அதிகாரங்கள். கடலையும் விண்மீன்களையும், மலையாடு குட்டி ஈனும் நேரத்தையும் பற்றிப் பேசுகிறாரே ஒழிய, யோபு ஏன் துன்புற்றார் என்பதற்கு ஒரு வரி விளக்கம் இல்லை. ஆனால் தீர்ப்பு உண்டு. தம்மோடு வழக்காடிய யோபு சரியாகப் பேசினார் என்றும், தமக்காக வாதாடிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்றும் ஆண்டவர் சொல்கிறார் (42:7). கடவுளுக்கு வக்கீலாக நிற்பதாக எண்ணிக்கொண்டு துன்புறுபவரைக் குத்தியவர்கள்மீது அவர் சினம் கொள்கிறார். அவர்களுக்காக யோபு மன்றாட வேண்டும் என்கிறார். புண்பட்டவரே புண்படுத்தியவர்களுக்காகச் செபித்த பிறகுதான் அவரது வாழ்வு திரும்பியது என்று நூல் சொல்வது தற்செயலன்று.

அந்த முடிவில் ஒரு நுட்பம் உண்டு. ஆடுகள் 14,000, ஒட்டகங்கள் 6,000 என எல்லாம் இருமடங்காகத் திரும்புகின்றன. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும்தான். ஏன் இருபது பேர் இல்லை? இறந்த பிள்ளைகள் இழந்துபோனவர்கள் அல்லர், அவர்கள் கடவுளிடம் இருக்கிறார்கள், ஆகவே கூட்டினால் இருமடங்கே வரும் என்று பழைய விரிவுரையாளர்கள் சிலர் விளக்கம் சொன்னார்கள். ஒட்டகத்திற்குப் பதில் ஒட்டகம் வரும்; பிள்ளைக்குப் பதில் பிள்ளை வராது. இதை அந்தத் திண்ணையில் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறோம்.

உதயகிரிக் கோட்டையில் சொல்லப்பட்ட கதை

யோபுவின் கதையைக் கேட்டு வாழ்வே மாறிய ஒருவரை நம் திருச்சபை புனிதராக வணங்குகிறது. 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன்தான் அவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில், பத்மநாபபுரத்தில் அலுவல் பார்த்தவர். மனைவி பார்கவி அம்மாள்.

1741இல் நடந்த குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர்ப் படை முறியடித்தது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் எஸ்தாக்கியுஸ் டிலனாய். அவர் கத்தோலிக்கர். அவரது திறமையைக் கண்ட மன்னர் படைக்குப் பயிற்சி தரும் பொறுப்பை ஒப்படைத்தார். நாளடைவில் அவர் படைத்தலைவராகவே உயர்ந்தார். 1777இல் இறந்த அவரது கல்லறை தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. அதன் கல்வெட்டு இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது.

அக்காலத்தில் நீலகண்டனின் குடும்பத்தில் இழப்புக்குமேல் இழப்பு வந்தது. கால்நடைகள் மடிந்தன, உடைமை கரைந்தது என்று மரபு கூறுகிறது. வாடிய முகத்தோடு வந்த நண்பரிடம், நாடிழந்து கைதியாக வந்து சேர்ந்த டிலனாய் சொன்ன கதைதான் யோபுவின் கதை. இரண்டு பேரையும் அந்த இடத்தில் எண்ணிப் பாருங்கள். ஒருவர் எல்லாம் இழந்தவர், இன்னொருவர் இழந்துகொண்டிருப்பவர். என்ன பாவம் செய்தாய் என்று டிலனாய் கேட்டிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1745 மே மாதம், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு ஜொவான்னி பத்திஸ்தா புத்தாரி அடிகளாரிடம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்பது அவர் பெற்ற பெயர். எபிரேயத்தில் எலயாசர் என்ற பெயரின் மறுவடிவம் அது. கடவுள் துணைசெய்தார் என்பது பொருள். அதையே தமிழில் தேவசகாயம் என்றார்கள். பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

கடவுளின் துணை என்ற பெயரைச் சூடியபின் அவருக்கு நடந்தவற்றைப் பாருங்கள். 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அரச துரோகம் முதலிய குற்றங்கள் சுமத்தப்பட்டன. பதவி போயிற்று. எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். அடி, காயங்களில் மிளகாய்த்தூள், கொளுத்தும் வெயில் என்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். முடிவில் ஆரல்வாய்மொழிக்கு நாடுகடத்தப்பட்டு, 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 39 வயது. எஞ்சிய எலும்புகளை எடுத்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

மாடுகளை இழந்ததற்கு ஆறுதலாக யோபுவின் கதையைக் கேட்ட மனிதருக்கு, யோபுவின் 42ஆம் அதிகாரம் வரவேயில்லை! இருமடங்கு மந்தை இல்லை. 140 ஆண்டு ஆயுள் இல்லை. ஆசி என்பது மந்தைதான் என்றால், அவரைப்போல் ஏமாந்தவர் எவரும் இல்லை. ஆனால் அவரை வருத்திய மூன்று ஆண்டுகளில், விட்டுவிடு, விடுதலை பெறலாம் என்ற வாய்ப்பு கண்முன்னே இருந்தும் அவர் விடவில்லை. காரணமின்றியா அஞ்சுகிறார் என்ற சாத்தானின் கேள்விக்கு நம் மண்ணின் பொதுநிலையினர் ஒருவர் காற்றாடிமலையில் கொடுத்த பதிலாகவே இதைக் காண்கிறோம்.

அவர் கொலையுண்ட செய்தி கொச்சி ஆயரின் 1756ஆம் ஆண்டு அறிக்கை வழியாக உரோமையை எட்டியது. ஆனாலும் 2012 டிசம்பர் 2 அன்றுதான் நாகர்கோவிலில் கர்தினால் ஆஞ்செலோ அமாத்தோ அவரை அருளாளராக அறிவித்தார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு வளாகத்தில் மேலும் ஒன்பது பேரோடு அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இந்தியப் பொதுநிலையினருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பட்டமளிப்பில் அவர் பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்க்காமல் தேவசகாயம் என்றே அழைத்தார்கள். எல்லாச் சாதியினரோடும் சமமாகப் பழகியதே அவர்மேல் எழுந்த சினத்திற்கு ஒரு காரணம் என்பதை அறிந்தவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. யோபுவின் 31ஆம் அதிகாரத்தை அவர் உண்மையிலேயே கேட்டிருந்தார்.

கையைத் தாங்கிப் பிடிப்பவர்கள்

நம்பிக்கை, பற்றுறுதி என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரேயச் சொல் எமுனா. நேர்மையாளர் தம் பற்றுறுதியால் வாழ்வார் என்ற கருத்தில் அபக்கூக்கு பயன்படுத்துவதும் (அப 2:4) இச்சொல்லையே. ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் நாம் சொல்லும் ஆமென் என்பதும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அசையாமல் நிற்பது என்பது அதன் அடிப்படைப் பொருள்.

இச்சொல் விடுதலைப் பயண நூலில் எதிர்பாராத ஓர் இடத்தில் வருகிறது. அமலேக்கியரோடு போர் நடக்கும்போது மோசே குன்றின்மேல் கைகளை உயர்த்தி நிற்கிறார். கைகள் தளர்கின்றன. ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, இரு பக்கமும் நின்று கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். கதிரவன் மறையும்வரை அவர் கைகள் 'எமுனா'வாக, அதாவது உறுதியாக, இருந்தன என்கிறது நூல் (விப 17:12). ஆக, விவிலியம் காட்டும் பற்றுறுதி தன்னந்தனியாகச் சாதிப்பதன்று. தளர்ந்த கையை இருவர் பிடித்துக்கொண்டதால்தான் அது உறுதியாயிற்று. மோசேயின் கை ஏன் தளர்ந்தது என்று ஆரோன் விசாரணை நடத்தவில்லை.

ஆண்டவர் இயேசுவும் அந்த விசாரணையை முடித்துவைத்தார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று கேட்டவர்கள் பகைவர்கள் அல்லர், அவருடைய சொந்தச் சீடர்களே. அவர் செய்த பாவமும் அன்று, பெற்றோர் செய்ததும் அன்று என்று ஒரே சொல்லில் மறுத்தார் (யோவா 9:3). தம்மைப் பின்பற்றுவோருக்கு வீடும் நிலமும் உறவும் நூறு மடங்காகக் கிடைக்கும் என்றவர், மாற்கு நற்செய்தியில் அந்தப் பட்டியலிலேயே இன்னல்களையும் சேர்த்துவைத்தார் (மாற் 10:30). மேடைகளில் நூறு மடங்கை மட்டும் படித்துவிட்டு அந்தச் சொல்லை விட்டுவிடுவது எளிது. அந்த நூறு சகோதரரும் சகோதரிகளும் எங்கிருந்து வருவார்கள்? திருச்சபையிலிருந்துதான். அதாவது நம்மிலிருந்துதான். தேவசகாயத்தைக் காண, கட்டுண்டிருந்த இடங்களுக்கே மக்கள் தேடி வந்தார்கள் என்றும், தம் வேதனையின் நடுவே அவர் அவர்களுக்காகச் செபித்து ஆறுதல் சொன்னார் என்றும் மரபு சொல்கிறது. கணவரை இழந்த ஞானப்பூ அம்மாளுக்கு வடக்கன்குளத்து இறைமக்களே உறவாயினர்.

பேரறிவாளரான திருத்தந்தை பெரிய கிரகோரியார் யோபு நூலுக்கு 35 பகுதிகளில் விரிவுரை எழுதினார். அவரே தீராத வயிற்று நோயால் துன்புற்றவர். துன்பத்தின் வெளியே நின்று யோபுவைப் பற்றிப் பேசக்கூடாது என்பதை அவர் அறிந்திருந்தார். நம் திருவழிபாட்டிலோ யோபு அதிகம் வருவதில்லை. இரண்டாம் ஆண்டு, ஆண்டின் பொதுக்காலம் 26ஆம் வார நாள்களில் தொடர்ந்து வாசிக்கிறோம். இரண்டாம் சுழற்சி ஞாயிறுகளில் இரண்டு முறை கேட்கிறோம். அடக்கத் திருப்பலிகளில் 19ஆம் அதிகாரத்தை வாசிக்கலாம். தம் மீட்பர் வாழ்கிறார் என்று, தோலும் எலும்புமாய்ப் போன யோபு அறிக்கையிடும் பகுதி அது. அவர் அதைச் சொன்னது நலம் பெற்ற பிறகு அன்று, சாம்பலில் உட்கார்ந்திருந்தபோது.

புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட பிறகு ஒரு சனவரி மாதம், நம் பங்கிலிருந்து காற்றாடிமலைக்குப் பேருந்து ஏற்பாடு செய்தோம். அந்தத் தாயும் வந்திருந்தார். எல்லாரும் மலைமேல் ஏறியபோது அவர் மூட்டு வலி என்று அடிவாரத்திலேயே அமர்ந்துகொண்டார். பங்கின் பெண்கள் இருவர் மேலே போகாமல் அவர் அருகே உட்கார்ந்தார்கள். நாம் இறங்கி வந்தபோதும் மூவரும் அப்படியே இருந்தார்கள். காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. செபமாலை அவர் மடியில் கிடந்தது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அவர்தான் எல்லாருக்கும் இலையில் பரிமாறினார்.